யாரைக் கேட்டு நடப்பது

1

நெய்வேலியில் ஜாதியே கிடையாது என்பதைப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்துகொண்டேன். இத்தனைக்கும் நான் அந்த மண்ணில் பிறந்தவள். சொன்னவர் குமார் என்பவர், இங்கே ஒரு பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். சொன்ன இடம், கனடாவில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் நகரசபைக் கூடம்.

விஷயம் இதுதான். ஜாதி பார்த்து ஒருவருக்கு வேலையோ வாடகை வீடோ இல்லை என்று சொன்னால் அதுவும் பாகுபாடுதான் என்று இந்த ஊர் விதியில் ஒரு வரி சேர்க்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். பாதிப் பேர் அந்த வரி வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள். கோட்டும் டையும் பட்டுப்புடவையுமாகக் கல்யாணத்துக்கு வந்தது போல இருந்தது.

குமார் மைக் முன்னால் வந்து நின்றார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன். "நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் ஒரே மாதிரி வீடுகளில், ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்து வாழ்ந்தோம். யாரும் யாரையும் என்ன ஜாதி என்று கேட்டதில்லை. என் அப்பா சபாபதி அங்கே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். குடியரசு தினம் வந்தால் அடிப்படை உரிமைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அவருடைய மகன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வரி எங்களை அவமானப்படுத்துகிறது."

கைதட்டினார்கள். சபாபதி என்ற பேரைக் கேட்டதுமே நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் மலர் என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினாள். என் கோபம் அவளுக்குத் தெரியும்.

"வேணாம்மா. பேர் குடுத்தவங்கதான் பேசலாம். வெள்ளிக்கிழமையோட லிஸ்ட் மூடிட்டாங்க."

பேர் கொடுத்துக் காத்திருந்தால்தான் பேசலாமாம். இந்த ஏற்பாட்டுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் அறுபது வருஷத்துப் பகை. ஊரில் இருக்கிற நீங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் இங்கத்திய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் காலையில் என் முதல் வேலை வாசல் பனியை வாரிப் போடுவது. நம் வீட்டு முன்னால் இருக்கிற நடைபாதையை நாமேதான் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மலர் திட்டுவாள், இந்த வயதில் இடுப்பு போய்விடும் என்பாள். நான் கேட்பதில்லை. யாரோ தெரியாதவர்கள் நடந்து போகிற பாதை, அதில் யாரும் வழுக்கி விழக்கூடாது என்று ஒரு அரசாங்கம் கவலைப்படுகிறதே, அந்தக் கவலைக்காகவே நான் வாருவேன்.

குடியுரிமை வாங்கப் போனபோது ஒரு அதிகாரி அம்மாள் எதிரே உட்காரவைத்து, ஒரு குடிமகளுக்கு உள்ள உரிமை ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். மலர் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஓட்டு, பேச்சு, மதம் என்று எல்லாம் நெட்டுருப் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் வாயில் வந்த ஒரே ஆங்கில வார்த்தை "ரோட்". அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஏதோ டிக் அடித்தாள். வெளியே வந்ததும் மலர் மானம் போயிற்று என்றாள். நான் சரியாகத்தான் சொன்னேன் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

மலருக்கு இங்கே ஒரு தொல்லை உண்டு. ஆபீசில் தமிழ்க்காரர்கள் நிறைய. சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். நெய்வேலி என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அப்படியா, எந்த பிளாக்?" டவுன்ஷிப்பை நம்பர் போட்டு பிளாக் பிளாக்காகப் பிரித்திருப்பார்கள். பிளாக்கைச் சொன்னால் அப்பா என்ன உத்தியோகம், என்ன கிரேடு, எந்த மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். ஜாதியைக் கேட்கவே வேண்டாம், பாருங்கள். மலர் ஏதோ ஒரு நம்பரைச் சொல்லி வைத்திருக்கிறாள். போன தீபாவளி விருந்தில் அவள் பெண் என்னை "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டதற்கு மலர் முகம் சுளித்து, "பாட்டின்னு சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் ஆயாதான். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

3

எங்களுக்கு எந்த பிளாக்கும் கிடையாது.

சுரங்கம் வந்தபோது எங்கள் ஊர் போயிற்று. நிலம் வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்கள் சேரியில் யாருக்கும் ஒரு சாண் பட்டா கிடையாது, அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். எங்களிடம் பேச ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. டவுன்ஷிப் ஓரத்தில், முத்தாண்டிக்குப்பம் போகிற பக்கம், காலனி என்று ஒரு இடத்தைக் காட்டினார்கள். எங்கள் பழைய சுடுகாடும் குழிக்குள் போய்விட்டது. புதுச் சுடுகாடு டவுன்ஷிப்புக்கு அந்தப் பக்கம். நேராகப் போனால் ஒரு பிளாக்கைக் கடந்து தார் ரோடு. சுற்றிப் போனால் முந்திரித் தோப்பு, அப்புறம் சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் ஓடுகிற கால்வாய்.

என் அண்ணன் கலியமூர்த்திக்கு மைன்ஸில் வேலை கிடைத்தது. எங்கள் சேரியில் சம்பளச் சீட்டு வாங்கிய முதல் ஆள். அப்போது இன்னும் பெர்மனெண்ட் ஆகவில்லை. அவருக்கு அந்த டவுன்ஷிப்மேல் இருந்த மோகத்தைச் சொல்லி முடியாது. பல்பு எரியவில்லை என்றால் ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம். குழாய் ஒழுகினால் எழுதிக் கொடுக்கலாம். ஊரில் எதைக் கேட்பதானாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் நாங்கள். இங்கே கை கட்டவேண்டாம், காகிதம் கொடுத்தால் போதும்.

"நாலு வரி எழுதிக் குடுத்தா அவங்க பதில் சொல்லியே ஆவணும்மா. யாரா இருந்தாலும்," என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். பெருமையில் முகம் பளபளக்கும்.

சீனச் சண்டை முடிந்தும் எமர்ஜென்சியை எடுக்காமல் வைத்திருந்த காலம். சொத்துரிமையைக் குறைத்து ஒரு சட்டத்திருத்தம் வந்த வருஷம் வேறு. டவுன்ஷிப் கிளப்பில் அதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. சபாபதி சாருக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் குடும்ப நிலம் உண்டு. அடிப்படை உரிமையில் ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட்ட மாதிரி என்று அவர் மேடையில் முழங்குவார். அண்ணன் பின்வரிசையில் நின்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு வந்து எங்களுக்கு ஒப்பிப்பார். சபாபதி சாரை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

4

அந்த ஐப்பசி மழையில் எங்கள் அப்பா செத்துப் போனார். காய்ச்சல், இருமல், அவ்வளவுதான், மூன்றாம் நாள் காலையில் மூச்சு நின்றது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டவுன்ஷிப் சாலைகளில் முன் அனுமதி இல்லாமல் எந்த ஊர்வலமும் போகக்கூடாது. சேரிக்காரர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை, படித்தவர்களும் அது நமக்கு என்று நினைக்கவில்லை. அண்ணன் ஒருவர்தான் நினைத்தார். பாடை கட்ட மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம், "இருங்க, ஆபீஸ்ல ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"எதுக்குடா? பொணத்தத் தூக்கிக்கினு போறதுக்குக் கூடவா எழுதிக் குடுப்பாங்க?" என்று அப்பாவின் தங்கை அஞ்சலை அத்தை கேட்டது.

"ரூல்ஸ் அத்தை. கேட்டா குடுக்கப்போறாங்க."

டவுன்ஷிப் ஆபீசில் இருந்த அதிகாரி நல்ல மாதிரியாகவே பேசினாராம். தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் போன தடவை மேளம் அடித்துக்கொண்டு போனதற்கு அந்த பிளாக்குக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் சங்கச் செயலாளர் சரி என்றால் தனக்கும் சரி என்றார். அண்ணன் சந்தோஷமாகச் சைக்கிளை மிதித்தார். செயலாளர் சபாபதி சார்தானே.

சபாபதி சார் கேட்டுக்கு உள்ளே நின்றார், அண்ணன் வெளியே நனைந்துகொண்டு நின்றார். அங்கே நடந்த பேச்சை அண்ணன் சாகும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னார், அதனால் எனக்கு ஒரு வரிகூட மாறாது.

"கேக்கவே சங்கடமா இருக்குதுங்க தம்பி. அப்பா போயிட்டாருங்களா? பாவம்."

"அந்த ரோடு வழியா எடுத்துக்கினு போவணும் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஜாதி கீதியெல்லாம் நான் பாக்கறவன் இல்லை, உங்களுக்கே தெரியும். சின்னக் குழந்தைங்க இருக்கற வீதி. பயந்துக்குதுங்க. பூவும் பொரியும் ரோடெல்லாம் கிடக்குது, சுகாதாரமும் இல்லைங்க. அந்தக் கால்வாய்ப் பக்கமா ஒரு வழி இருக்குதுங்களே, அமைதியா இருக்கும்."

"அங்க தண்ணி ரொம்ப ஓடுது சார். மழை வேற."

"பாத்துப் போனா போயிடலாமுங்க. எல்லாத்துக்கும் கோபப்படக்கூடாது. அமைதியா வாழறதுக்கு எங்களுக்கும் ஒரு உரிமை இருக்குதில்லைங்களா?"

அதற்கு முந்தின மாதம் அந்த பிளாக்கில் ஒரு பெரியவர் இறந்தபோது அதே ரோட்டில்தான் கம்பெனி வண்டியில் கொண்டு போனார்கள். தேர் வந்தால் அதே ரோடு. குடியரசு தினத்துக்குப் பிள்ளைகள் கொடி பிடித்து நடப்பதும் அதே ரோடு. அண்ணன் இதையெல்லாம் கேட்கவில்லை. ஆபீசுக்குத் திரும்பிப் போனார். கால்வாய் வழியாக, மேளம் இல்லாமல் போகலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்த காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார். பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றாரே, பதில் சொல்லிவிட்டார்கள்.

ரோடு திரும்புகிற இடத்தில் செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். மீறிப் போனால் அண்ணனுக்கு வேலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பாடை தோப்புப் பக்கம் திரும்பியது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நாங்கள் கால்வாய்க் கரையில் நின்றோம். அதனால் நான் பார்த்தேன். எங்கள் வழக்கத்தில் பாதி வழியில் பாடையைத் தரையில் இறக்கி வைத்து, தலையும் காலும் திசை மாறும்படி திருப்பித் தூக்குவார்கள். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்டு போனவர் அப்புறம் காட்டைப் பார்த்துக்கொண்டு போவார். அந்தப் பாதியில் தரை ஏது? இடுப்புத் தண்ணீர். நடுக் கால்வாயில் நின்று, தண்ணீருக்குள்ளேயே பாடையைச் சுற்றித் திருப்பினார்கள். ஒருவருக்குக் கால் வழுக்கியது. ஒரு பக்கம் சாய்ந்து, அப்பாவின் தலை தண்ணீருக்குள் போய் வந்தது. நெற்றிக் காசு போயிற்று, போட்ட மாலை எல்லாம் சுரங்கத் தண்ணீரோடு போயிற்று. அம்மா கரையில் உட்கார்ந்து மண்ணை வாரி அந்த டவுன்ஷிப் பக்கமாகத் தூற்றினாள். 

5

காரியம் முடிந்ததும் அண்ணன் பண்ருட்டியில் ஒரு வக்கீலிடம் போனார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "ஏன்யா போய்க் கேட்ட?"

"நோட்டீஸ் போட்டிருந்தாங்க சார்."

"நீ பாட்டுக்குத் தூக்கிக்கினு போயிருந்தா, தடுத்தவன் ஏன் தடுத்தேன்னு பதில் சொல்லணும். நீ கேட்டுட்ட. அவன் குடுக்கல. உரிமைய யார்னா பர்மிஷன் கேட்டு வாங்குவானா?"

அண்ணன் தலை குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். வக்கீலுக்கு மனசு கேட்கவில்லை போல, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு விளக்கினார். தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தின் பதினேழாவது பிரிவில் இருக்கிறது. சர்க்கார் பணத்தில் பராமரிக்கிற ரோட்டில் ஜாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்று பதினைந்தில் இருக்கிறது. கூட்டமாகப் போகிற உரிமை பத்தொன்பதில் இருக்கிறது, ஆனால் எமர்ஜென்சி முடிகிறவரை அதைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

"அந்தப் பதினஞ்சும் பதினேழும் போதுமே சார்?"

"உன் பேப்பர்ல ஜாதின்னு ஒரு எழுத்து இருக்குதா பாரு. ஊர்வலம்னு போட்டிருக்கான். ரோடு யாருதுன்னு கேட்டா கம்பெனியோடதும்பான். கம்பெனி சர்க்காரா இல்லியான்னே இன்னும் கோர்ட்டுல அடிச்சிக்கினு கெடக்கறாங்க."

"எங்க ஊர எடுக்க வந்தப்போ சர்க்கார்னுதானே சார் சொன்னாங்க?"

"அப்ப சர்க்கார். இப்ப கம்பெனி." வக்கீல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாராம். "அடிப்படை உரிமைன்னு சொல்லிக்கினு இந்த ரூமுக்கு வர்றவங்க எல்லாம் நெலக்காரங்கதான் தம்பி. பொணம் போற வழிக்கு வந்தவன் நீதான் மொதல்."

கேஸ் போடலாம், வருஷக்கணக்கில் ஆகும் என்றார். அண்ணன் போடவில்லை.

அடுத்த கோடையில் அஞ்சலை அத்தை போய்விட்டது. அண்ணன் காகிதத்தை எடுக்கவில்லை. மேளத்தை வரச் சொன்னார். யாரோ நோட்டீஸைப் பற்றி இழுத்தார்கள். "நான் கேக்க மாட்டேன். வேணும்னா அவங்க வந்து என்னக் கேக்கட்டும்," என்றார். பாடையின் முன்பக்கக் கொம்பை அவர்தான் பிடித்தார். தார் ரோட்டில் ஏறினோம், பெண்களும் அன்றைக்கு ரோட்டு முனை தாண்டி நடந்தோம். செக்யூரிட்டி ஆட்கள் போனைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், யாரும் வரவில்லை. சபாபதி சார் வீட்டு ஜன்னல் எங்களைப் பார்த்ததும் மூடியது. ரவுண்டானாவுக்குப் பக்கத்தில், நல்ல உலர்ந்த தரையில், அத்தையை இறக்கி வைத்து, நிதானமாகத் திருப்பித் தூக்கினார்கள். அடித்த மேளம் எனக்கு நெஞ்சுக்குள் அடித்தது.

அண்ணனைப் பெர்மனெண்ட் செய்யவில்லை. இனி தேவையில்லை என்று ஒரே வரி. காரணம் எழுதவில்லை, எழுதினால்தானே எதிர்த்துக் கேட்க முடியும். அதற்கப்புறம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வருகிற மாதங்களில் மட்டும் வேலை, மற்ற மாதங்களில் பண்ருட்டியில் மூட்டை தூக்கினார். ஆனால் அன்றைக்கு அப்புறம் எங்கள் காலனியிலிருந்து எந்தப் பிணமும் கால்வாயில் இறங்கவில்லை. போன வருஷம் அண்ணனும் அதே ரோட்டில்தான் போனார். என்னால் போக முடியவில்லை. வீடியோவில் பார்த்தேன், ரவுண்டானா வந்ததும் திருப்பினார்கள். மலர் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

6

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

குமாருக்கு அந்த வருஷம் ஐந்தாறு வயது இருந்திருக்கும். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலே வளர அவருக்கு வசதி இருந்தது, ஜன்னலை மூட ஆள் இருந்தார்கள். நான் அந்தக் குழந்தைமேல் கோபப்படவில்லை. தலை நரைத்த பிறகும் மூடிய ஜன்னலுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, வெளியே யாருமே இல்லை என்று இன்னொரு நாட்டுச் சட்டத்துக்குச் சாட்சி சொல்கிறாரே, அந்த மனிதர்மேல் எனக்கு ஆத்திரம்.

எழுந்தேன். மலர் என் சேலையைப் பிடித்தாள்.

"அம்மா, உக்காரு. பின்னாடி ரெண்டு வரிசை பூரா என் ஆபீஸ். நாளைக்கு நான் அங்கதான் போவணும்."

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிடும்மா."

"தெரியட்டும்."

அவள் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் நடந்தேன். குமார் அப்போதுதான் மைக்கை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார். சேலை கட்டிய வயதான தமிழ்ப் பெண்மணி தன் கட்சியாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே மைக்கை என் உயரத்துக்குத் தணித்து வைத்தார்.

"நீங்களும் நெய்வேலிங்களாம்மா? எந்த பிளாக்?"

"உங்க ரோடு வழியா எங்க அப்பா பொணம் போவக்கூடாதுன்னு உங்க அப்பா சொன்னாருங்களே. அந்தப் பொணத்தோட பொண்ணு நான்."

மைக் திறந்திருந்தது. தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். குமார் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளில் அசைவு எழுந்தது. மேடையில் தலைமை வகித்த அம்மாள் மரியாதையாக ஏதோ கேட்டாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன்.

மலர் வந்து நின்றிருந்தாள்.  பின்வரிசைகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பேர் குடுத்திருக்கீங்களான்னு கேக்கறாங்கம்மா. இல்லன்னா அனுமதி கேக்கணுமாம். கேட்டா ரெண்டு நிமிஷம் குடுப்பாங்களாம்."

"பேர் குடுக்கலன்னு சொல்லு. அனுமதியும் கேக்கப்போறதில்லன்னு சொல்லு."

மலர் என்னைப் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி அந்த இரண்டு வரிசைகளையும் ஒரு தடவை முழுதாகப் பார்த்தாள். குனிந்து மைக்கில், நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.  அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

நான் ஆரம்பித்தேன். "எங்க அப்பா செத்த அன்னிக்கு நல்ல மழை."